படகுக்கு ஏற்ற மோட்டார்

(கடலோரத் தோட்ட மக்களுக்காக நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பால்வெட்டு வேலை விடியலில் தொடங்கி நண்பகலை ஒட்டி முடிந்துவிடுகிறது. எஞ்சிய பொழுதில் உபரி வருமானம் தேடுவது நம் மக்களின் நெடுநாளைய வழக்கமாகும். சிலர் காய்கறி பயிரிடுகின்றனர். சிலர் ஆடு, மாடு, கோழி வளர்க்கின்றனர். கடலுக்கும் ஆற்று முகத்துவாரத்திற்கும் அருகே உள்ள தோட்டங்களில் வாழ்வோருள் சிலருக்கு மீன்பிடிப்பதில் நாட்டம் உண்டு. மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறையும் மாதங்களில் இந்த நாட்டம் இன்னும் கூடுகிறது. இது வரவேற்கத்தக்க முயற்சியே.

ஆனால், இம்முயற்சியில் இறங்குவோர் பெரும்பாலும் எந்தப் பணத்தைக் கொண்டு இறங்குகின்றனர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஊழியர் சேமநிதியில் மாதந்தோறும் சேர்ந்த பணத்தை 55 வயதில் மீட்டுக்கொள்ளலாம். வாழ்நாளில் ஒரே ஒரு முறை கைக்கு வரும் பெருந்தொகை அது. அதிலிருந்து ஒரு படகும் மோட்டாரும் வாங்கிவிட்டால் பிள்ளைகளை எதிர்பார்க்காமல் வாழலாம் என்று நினைப்பவர் உண்டு. அந்த நினைப்பு நிறைவேறுவதும் வீணாவதும் பெரும்பாலும் மோட்டாரைத் தேர்ந்தெடுப்பதில் அடங்கியுள்ளது. படகு ஒருமுறை செலவு. மோட்டாரோ நாள்தோறும் செலவு வைப்பது. அதனால்தான் இன்று இதைப் பற்றிப் பேச வந்துள்ளோம்.

பெரியது எல்லாம் நல்லதன்று

படகின் பின்பலகையில் மாட்டப்படும் இந்த மோட்டாரை அவுட்போர்டு மோட்டார் என்கிறோம். மலாய் மீனவர்கள் எஞ்சின் சங்குட் என்பர். நார்வே நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ருட் என்பவர் 1909ஆம் ஆண்டில் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த முதல் மோட்டாரின் ஆற்றல் ஒன்றரைக் குதிரைச் சக்தியே. துடுப்பு வலித்துக் களைத்தவர்களுக்கு அதுவே பெரும் உதவியாக இருந்தது. இன்று 2 குதிரைச் சக்தியிலிருந்து சில நூறு குதிரைச் சக்தி வரை மோட்டார்கள் கிடைக்கின்றன. கடைக்குச் செல்பவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி, "எவ்வளவு பெரியது வாங்கலாம்?" என்பதே. கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று.

நம் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். பால் வெட்டும்போது பட்டையைக் கடந்து ஆழமாக வெட்டினால் என்ன நேரும்? இன்று மங்கில் சிறிது கூடுதலாகப் பால் விழலாம். ஆனால், மரம் காயம்படும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். நாளைய வருமானம் கெடும். படகின் தாங்கும் சக்திக்கு மேற்பட்ட மோட்டாரும் அத்தகையதே. அது பின்பலகையைப் பிளக்கும், பணப்பையைக் காலியாக்கும், சில வேளைகளில் உயிரையும் கேட்கும்.

ஆகவே, மோட்டாரைப் பார்ப்பதற்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும். ஒன்று, படகு எத்தகையது? இரண்டு, அது எவ்வளவு சுமை ஏற்றும்? மூன்று, அது எந்த நீரில் ஓடப்போகிறது? இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் மோட்டாரின் அளவு தானாகவே தெரிந்துவிடும்.

படகின் அளவும் மோட்டாரின் அளவும்

கனத்த மரப்படகு ஒன்று நீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது தனக்கு முன்னும் பின்னும் அலையை எழுப்புகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்திற்கு மேல் போக வேண்டுமானால், தானே எழுப்பிய அலையின் மீது அது ஏறியாக வேண்டும். அந்த எல்லை படகின் நீளத்தைப் பொறுத்தது. நீர்மட்டத்தில் 16 அடி நீளமுள்ள படகுக்கு அது மணிக்கு ஏறத்தாழ 5.4 கடல் மைல். 20 அடிப் படகுக்கு 6 கடல் மைல். 25 அடிப் படகுக்கு 6.7 கடல் மைல். 6 கடல் மைல் என்பது சுமார் 11 கிலோமீட்டர் ஆகும். இந்த வேகத்தை எட்டச் சிறு மோட்டாரே போதும். சுமை ஏற்றிய கனத்த படகில் அதைவிடப் பன்மடங்கு பெரிய மோட்டாரை மாட்டினாலும் வேகம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. கூடுவது எரிபொருள் செலவும் அலையின் உயரமுமே.

இலேசான, அடிப்பகுதி தட்டையான ஃபைபர் படகுகளின் இயல்பு வேறு. அவை போதிய சக்தி கிடைத்தால் நீரின்மேல் எழும்பிச் சறுக்கி ஓடக்கூடியவை. அவற்றுக்குச் சற்றுக் கூடுதலான குதிரைச் சக்தியால் பயன் உண்டு. எனினும், வலையும் பனிக்கட்டியும் மீனும் ஆளும் ஏறிய பின்னர் அந்தப் படகும் எழும்பாமல் போகலாம். கடைக்காரர் வெறும் படகில் ஓட்டிக் காட்டும் வேகத்தைக் கண்டு மயங்குதல் கூடாது.

படகு எவ்வளவு சக்தியைத் தாங்கும் என்பதை எப்படி அறிவது? புதிய படகுகள் சிலவற்றில் உச்ச அளவைக் குறிக்கும் தகடு பதிக்கப்பட்டிருக்கும். அதனை மீறலாகாது. தகடு இல்லையெனில் படகு கட்டியவரைக் கேட்பதே முதல் வழி. அமெரிக்கக் கடலோரக் காவற்படை, 20 அடிக்குக் குறைந்த சிறு படகுகளுக்கு ஒரு கணக்கு வகுத்துள்ளது. படகின் நீளத்தையும் பின்பலகையின் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்க வேண்டும். விடை 35 அல்லது அதற்குக் குறைவாயின் 3 குதிரைச் சக்தி. 36 முதல் 39 வரை 5. 40 முதல் 42 வரை ஏழரை. 43 முதல் 45 வரை 10. 46 முதல் 52 வரை 15. அடிப்பகுதி தட்டையாகவும் விளிம்பு கூர்மையாகவும் உள்ள படகுக்கு ஒரு படி குறைத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 14 அடி நீளமும் மூன்றரை அடி அகலப் பின்பலகையும் உள்ள படகுக்கு விடை 49. ஆகவே 15 குதிரைச் சக்தி அதன் எல்லை. அதே படகு தட்டையடிப் படகாயின் 10 குதிரைச் சக்தியே எல்லை. இவை உச்ச அளவுகள் என்பதை மறத்தல் கூடாது. அவ்வளவும் வேண்டும் என்பது இதன் பொருளன்று. நீண்டு ஒடுங்கிய சம்பான்களுக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. அவற்றைக் கட்டும் கைவினைஞரின் சொல்லே அங்கு அளவுகோல்.

மாதச் செலவைக் கணக்கிடுவோம்

டூ-ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்த 15 குதிரைச் சக்தி மோட்டாரை முழு விசையில் ஓட்டினால் மணிக்கு 6 முதல் 7 லிட்டர் வரை பெட்ரோல் செலவாகும். அதே வகை 40 குதிரைச் சக்தி மோட்டார் முழு விசையில் 18 லிட்டர் அளவில் குடிக்கும். ஒருவர் நாளுக்கு 2 மணி நேரம், மாதத்தில் 20 நாள் ஓட்டுவதாகவும், கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு ஒரு லிட்டர் 2 வெள்ளி என்றும் வைத்துக்கொள்வோம்.

சிறிய மோட்டாருக்கு மணிக்கு 6 லிட்டர் என்றால் மாதத்திற்கு 240 லிட்டர். அதாவது 480 வெள்ளி. பெரிய மோட்டாருக்கு 720 லிட்டர். அதாவது 1,440 வெள்ளி. வேறுபாடு 960 வெள்ளி. சுமை ஏற்றிய கனத்த படகில், பெரிய மோட்டாரால் சிறிது நேரம் மிச்சமாகலாம். அந்தச் சிறிது நேரத்திற்கு 960 வெள்ளி கொடுக்கத் தகுமா என்பதைக் குடும்பத்துடன் அமர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும். வலையில் விழும் மீன், மோட்டாரின் குதிரைச் சக்தியைப் பார்த்து விழுவதில்லை.

மேலும் ஒன்று. எந்த மோட்டாராயினும் விசையைச் சற்றே தளர்த்தி ஓட்டினால் எரிபொருள் கணிசமாக மிச்சமாகும். முழு விசைக்கும் முக்கால் விசைக்கும் வேகத்தில் உள்ள வேறுபாடு சிறிது. செலவில் உள்ள வேறுபாடு பெரிது.

டூ-ஸ்ட்ரோக்கா? ஃபோர்-ஸ்ட்ரோக்கா?

டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில் பெட்ரோலுடன் எண்ணெயைக் கலக்க வேண்டும். பல மோட்டார்களுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்பது அளவு. அதாவது 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லிலிட்டர். புதிய மோட்டாரைப் பழக்கும் முதல் சில மணி நேரத்திற்குக் கூடுதல் எண்ணெய் தேவைப்படலாம். கையேட்டில் கூறிய அளவே சரியான அளவு. எண்ணெய் குறைந்தால் உள்ளுறுப்புகள் உரசிக் கெட்டுவிடும். மிகுந்தால் ஸ்பார்க் பிளக் கரிபிடித்து நடுக்கடலில் நின்றுவிடும்.

ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டாரில் எண்ணெய் தனியே இருக்கும். கார் எஞ்சினைப் போலக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். இது பெட்ரோலைக் குறைவாகச் செலவிடும்; 15 குதிரைச் சக்திக்கு முழு விசையில் மணிக்கு 5 லிட்டர் அளவே போதும். புகையும் ஓசையும் குறைவு. ஆனால், விலை கூடுதல், எடையும் கூடுதல். 15 குதிரைச் சக்தி டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சுமார் 36 முதல் 42 கிலோ வரை இருக்கும். அதே சக்தியுள்ள ஃபோர்-ஸ்ட்ரோக் சுமார் 50 கிலோ இருக்கும். மோட்டாரைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கி வருபவர் இதை எண்ண வேண்டும். பின்பலகை தாழ்ந்த சிறு படகு உடையவர் இதைவிட அதிகமாக எண்ண வேண்டும். மோட்டாரும் எண்ணெய்த் தொட்டியும் ஓட்டுபவரும் பின்பக்கமே இருப்பதால் அந்தப் பக்கம் அமிழும். பின்னிருந்து வரும் ஓர் அலை படகை நிரப்பிவிடக்கூடும்.

ஆண்டில் பல நாள் கடலுக்குச் செல்பவருக்கு ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டாரின் கூடுதல் விலை, எரிபொருள் மிச்சத்தால் காலப்போக்கில் திரும்பக் கிடைக்கலாம். விடுமுறை நாட்களில் மட்டும் செல்பவருக்கு டூ-ஸ்ட்ரோக் போதும். பழைய பாணி டூ-ஸ்ட்ரோக் மோட்டார்கள், மாசுக் கட்டுப்பாடு காரணமாகப் பல நாடுகளில் விற்பனையிலிருந்து விலகி வருகின்றன. எனவே உதிரிப் பாகம் எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதையும் கடையில் கேட்டறிதல் நலம்.

தண்டின் நீளமும் விசிறியும்

மோட்டாரின் தண்டு பலவகை நீளங்களில் வருகிறது. பின்பலகையின் உயரம் ஏறத்தாழ 15 அங்குலமாயின் குட்டைத் தண்டும், 20 அங்குலமாயின் நீண்ட தண்டும் பொருந்தும். பலகையின் மேல்விளிம்பிலிருந்து படகின் அடிவரை நேராக அளந்து, அந்த அளவைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்ல வேண்டும். விசிறிக்கு மேலே தட்டையான தகடு ஒன்று உண்டு. அது படகின் அடிமட்டத்திற்கு நேராகவோ, ஓரங்குலம் தாழ்வாகவோ நிற்க வேண்டும். தண்டு குட்டையானால் விசிறி காற்றை இழுத்து, மோட்டார் அலறும், படகு நகராது. தண்டு நீண்டால் சேற்றில் இடிக்கும். நீரின் எதிர்ப்பும் மிகும். மேற்குக் கரையின் சேற்றுத் திட்டுகளிலும் காண்டாக் காடுகளை ஒட்டிய வாய்க்கால்களிலும் இது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது.

விசிறியில் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலெண் அதன் குறுக்களவு. இரண்டாவது எண், ஒரு சுற்றில் அது எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்பதைக் காட்டும். மேட்டில் மோட்டார் சைக்கிளை ஏற்றும்போது கியரைக் குறைக்கிறோம் அல்லவா? சுமை ஏற்றும் மீன்பிடிப் படகுக்கும் அதுபோல இரண்டாவது எண் குறைந்த விசிறியே ஏற்றது. முழுச் சுமையுடன், முழு விசையில் ஓடும்போது கையேட்டில் குறித்த சுழற்சி வேகத்தை மோட்டார் எட்ட வேண்டும். எட்டாவிட்டால் மோட்டாரைக் குறை கூறுவதற்கு முன் விசிறியை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு விசிறியின் விலை மோட்டாரின் விலையில் ஒரு சிறு பகுதியே.

வாங்கும் இடத்தில் விழிப்பு

எந்த நிறுவனத்தின் மோட்டார் சிறந்தது என்று நாம் கூறப்போவதில்லை. உங்கள் கடற்கரையில் உள்ள மீனவர்கள் எதைப் பயன்படுத்துகின்றனரோ, அதற்கே உதிரிப் பாகமும் பழுது பார்ப்பவரும் அருகில் கிடைப்பர். கெட்ட நாளில் ஒரு திருகாணிக்காக நகரத்திற்கு ஓடுவது வருமானத்தை இழப்பதாகும்.

பழைய மோட்டார் வாங்குவோர் சிலவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக வைத்திருந்தால் ஆறவிட்டு, குளிர்ந்த நிலையில் முடுக்கச் சொல்லுங்கள். மோட்டார் ஓடும்போது பக்கத்துத் துளையிலிருந்து நீர் சீராகப் பீச்ச வேண்டும். அதுவே குளிர்விக்கும் நீர் சுற்றுவதற்கு அடையாளம். அடிப்பகுதியில் உள்ள கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பாருங்கள். அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது. தொடர் எண் சுரண்டப்பட்டிருந்தால் அந்த மோட்டாரைத் தொடவே வேண்டாம். திருட்டுப் பொருளை மலிவாக வாங்கியவர், பணத்தையும் பொருளையும் இழந்து காவல் நிலையத்தில் நிற்க நேரும். எதை வாங்கினாலும் ரசீது பெறுதல் கடமை.

படகும் மோட்டாரும் வாங்குவதற்கு முன்பே மாவட்ட மீன்வள அலுவலகத்திற்குச் செல்ல வேண்டும். 1985ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டத்தின்படி மீன்பிடிப் படகுக்கும் கருவிகளுக்கும் உரிமம் தேவை. வாங்கிவிட்டால் உரிமம் தானாக வந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. எந்த எல்லைக்குள் எந்தக் கருவியுடன் மீன்பிடிக்கலாம், மோட்டாரை மாற்ற அனுமதி வேண்டுமா, உரிமம் உடையோருக்கு என்ன உதவிகள் உண்டு என்பவற்றையெல்லாம் அங்கே கேட்டறியலாம். கேட்பதற்குக் கட்டணம் இல்லை. கேளாமல் வாங்குவதற்கே விலை உண்டு.

பராமரிப்பும் பாதுகாப்பும்

உப்புநீரில் ஓடிய மோட்டாரை ஒவ்வொரு முறையும் நன்னீர் செலுத்திக் கழுவ வேண்டும். கியர் எண்ணெயைப் பொதுவாக 100 மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மோட்டாரில் பொருத்தியுள்ள துத்தநாகக் கட்டி கரைவது, மற்ற உலோகத்தை அரிக்காமல் காப்பதற்கே. அது பாதியாகத் தேய்ந்ததும் புதியது மாற்ற வேண்டும். அதன்மேல் சாயம் பூசலாகாது. பெட்ரோலை லயத்து வீட்டின் சமையற்கட்டிலோ படுக்கையறையிலோ ஒருபோதும் வைக்கலாகாது.

மோட்டாரை நிறுத்தும் சிறு கயிறு ஒன்று விசையருகே இருக்கும். அதனை மணிக்கட்டிலோ உயிர்காப்புச் சட்டையிலோ மாட்டிக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் தவறி நீரில் விழுந்தால் மோட்டார் உடனே நின்றுவிடும். இல்லையேல் ஆளில்லாப் படகு வட்டமிட்டுத் திரும்பி, விழுந்தவர் மீதே ஏறும். இக்கயிற்றைத் தொல்லை என்று கழற்றி வைப்போர், சக்தி மிகுந்த மோட்டாரைச் சிறு படகில் மாட்டியிருந்தால் ஆபத்து இருமடங்காகிறது.

எரிபொருளை மூன்று பங்காக்குங்கள்: போக ஒன்று, வர ஒன்று, எதிர்பாராததற்கு ஒன்று. உயிர்காப்புச் சட்டை ஒவ்வொருவருக்கும் ஒன்று, துடுப்பு இரண்டு, ஒரு நங்கூரம், ஒரு மாற்று ஸ்பார்க் பிளக், ஒரு கைவிளக்கு ஆகியவை இல்லாமல் கரையை விட்டு அகலாதீர்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிச் செல்லுங்கள். குறித்த நேரத்தில் திரும்பாவிட்டால் 999 எண்ணை அழைக்க வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தோட்ட மக்களுக்கு ஒன்றைச் சிறப்பாகக் கூற வேண்டும். மழையால் மரம் நனைந்த நாளில் வெட்டு இல்லை. அன்று பொழுது வீணாகாமல் கடலுக்குப் போகலாமே என்று தோன்றும். வானம் கெட்ட நாள் கடலும் கெட்ட நாளே. மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியற்காலையில், சுமாத்ராக் காற்று திடீரென்று வீசும். அதன் வேகம் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை இருக்கும். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றின் காலம். எவ்வளவு குதிரைச் சக்தியும் அக்காற்றை வெல்லாது. வெட்டு இல்லாத நாளில் ஒரு நாள் கூலி போகும். கடலில் அவசரப்பட்டால் குடும்பத் தலைவரே போய்விடுவார்.

தோழர்களே! சேமநிதிப் பணம் பல்லாண்டு விடியலில் எழுந்து, பனியிலும் கொசுக்கடியிலும் நிரை நிரையாக நடந்து ஈட்டிய பணம். அதனை ஒரு நாள் ஆசையில் கடையில் கொட்டிவிடலாகாது. முதலில் உரிமத்தைக் கேளுங்கள். பின்னர்ப் படகை அளந்து, சுமையைக் கணக்கிட்டு, ஓடப்போகும் நீரை அறிந்து, அதற்குப் போதுமான சிறிய மோட்டாரைத் தேர்ந்தெடுங்கள். மிச்சமாகும் பணத்தில் உயிர்காப்புச் சட்டைகளை வாங்குங்கள். எஞ்சியதைச் சேமநிதியிலேயே விட்டு வையுங்கள். முயற்சி வெல்லட்டும், வலை நிறையட்டும், சென்றவர் அனைவரும் நலமே கரை திரும்பட்டும்.